பதினெட்டுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில்

இந்தக் கதை சரியாகத்தான் நினைவில் நிற்கிறதா என்ற சந்தேகத்தோடுதான் தொடங்க வேண்டியிருக்கிறது. கட்சி பிறந்தது செவ்வாய்க்கிழமை என்று சிலர் சொல்கிறார்கள், புதன்கிழமை என்று சிலர். கட்சியின் அதிகாரபூர்வ வரலாறு இரண்டு தரப்பையும் மதித்து "செவ்வாய்க்கும் புதனுக்கும் நடுவில்" என்று எழுதிவைத்திருக்கிறது. தண்ணீர்ப் பரிசோதகரைக் கேட்டால் தெரிந்துவிடும். கட்சிக்கு வித்தான வார்த்தையை அன்றைக்குச் சொன்னவர் அவர்தான். ஆனால் அவர் சொல்லத் தொடங்கினால், தன் தவற்றைப் பெரிதாக்கிச் சொல்கிறாரா, குறைத்துச் சொல்கிறாரா என்று கேட்பவருக்குப் பிடிபடாது. அவருக்கே பிடிபடவில்லை என்றுதான் தோன்றுகிறது.

அவர் நகராட்சித் தண்ணீர் ஆய்வகத்தில் இருபத்தொரு வருடம் வேலை பார்த்தவர். குழாய்களிலும் தொட்டிகளிலும் மாதிரி எடுப்பார். எடுப்பதற்கு முன் அதே தண்ணீரால் குப்பியை மூன்று முறை அலசுவார். லேபிள் ஒட்டுவார், கொண்டுவந்து சோதிப்பார், வந்த எண்ணை எழுதுவார். எண்கள் அவரோடு வாதாடியதில்லை, அவரும் எண்களோடு வாதாடியதில்லை. மனிதர்கள்தான் அவருக்குச் சிரமம். எதிரில் இரண்டு பேர் குரலை உயர்த்தினால் அவர் கண் வாசலைத் தேடும்.

ஆஸ்பத்திரிச் சாலையில் ஒரு பெரிய மரம் நின்றது. கடைக்காரர்களுக்கு அது பெயர்ப்பலகையை மறைத்தது. காலையில் நடக்கிறவர்களுக்கு அதுதான் நிழல். வெட்டலாமா கூடாதா என்று நூலக மாடியில் சமாதானக் கூட்டம் போட்டார்கள். நிலத்தடி நீரைப் பற்றி யாராவது கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும் என்று நகராட்சி பரிசோதகரை அனுப்பியிருந்தது. யாரும் கேட்கவில்லை. மூன்று மணிநேரம் கத்தினார்கள். ஒருவர் மேசையைத் தட்டினார், இன்னொருவர் நாற்காலியைத் தூக்கினார். கடைசியில் யாரோ திரும்பி, "நீங்க ஒண்ணுமே சொல்லலியே சார்?" என்றார்கள்.

"பாதி வெட்டுங்க, பாதி விடுங்க" என்றார் பரிசோதகர்.

எரிச்சலில் சொன்னது. வீட்டுக்குப் போனால் போதும் என்று சொன்னது. சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. அதே சாலையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர் மெல்ல எழுந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இத்தனை வருஷமா இந்த நாட்டுல ஒருத்தருக்கும் தோணாத வார்த்தை சார் இது" என்றார்.

மறுநாள் மரத்தை உச்சியிலிருந்து தூர்வரை நெடுக்குவாட்டில் சரிபாதியாக அறுத்தார்கள். கோடு பிசகக் கூடாது என்று தச்சர் ஒருவரைக் கொண்டு நூல் பிடித்தார்கள். நின்ற பாதி ஐந்து வாரம் பச்சையாகவே இருந்தது. அந்த ஐந்து வாரத்துக்குள் நடுப்பசுமைக் கட்சி பதிவாகி, கண்ணாடிக் கடைக்காரர் தலைவராகி, ஒரு வக்கீலம்மா செயலாளராகிவிட்டார்கள். ஆறாவது வாரம் மரம் சாய்ந்தது. மரம் போனதல்ல, அது ஒரு பக்கமாகச் சாய்ந்ததுதான் கட்சிக்குப் பெரிய சங்கடமாகப் போயிற்று.

கட்சி வேகமாக வளர்ந்தது. வேகமாக என்று சொல்வதைக் கட்சி விரும்பவில்லை. "மிதமாக வளர்ந்தது, ஆனால் நிறைய" என்பதே அவர்கள் சொல்லும் முறை. உறுப்பினராகச் சேர்பவர்கள், "அவசரப்பட மாட்டேன், தாமதிக்கவும் மாட்டேன்" என்று உறுதி எடுக்க வேண்டும். மேடையின் நடுவைச் சுண்ணக்கட்டியால் குறித்திருப்பார்கள். பேசுகிறவர் அந்தப் புள்ளியில் இரண்டு பாதத்தையும் சேர்த்துவைத்து நின்றுதான் பேச வேண்டும். இடது ஓர நாற்காலியிலும் வலது ஓர நாற்காலியிலும் உட்கார யாரும் துணியவில்லை. முந்நூறு நாற்காலி போட்ட மண்டபத்தில் முந்நூறு பேரும் நடு வரிசையில் நெருக்கிக்கொண்டு, ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். டீ வெதுவெதுப்பாகத்தான் வரும். யாராவது நல்ல கருத்துச் சொன்னால் கூட்டம் எழுந்து நிற்காது, உட்கார்ந்தும் இருக்காது. முழங்காலை மடக்கியபடி அரையாக எழுந்து அப்படியே நிற்கும். வயதானவர்களுக்கு அது கஷ்டம்தான்.

தேர்தல் சமயத்தில் தலைவர் சுண்ணக்கட்டிப் புள்ளியில் நின்று பேசிய பேச்சு இன்றும் பள்ளிகளில் ஒப்பிக்கப்படுகிறது.

"நண்பர்களே! இடது கண்ண மூடினா உலகம் ஒரு பக்கம் நகருது. வலது கண்ண மூடினா இன்னொரு பக்கம் நகருது. முப்பது வருஷமா கண்ணு பார்க்கற தொழில்ல இருக்கேன், சொல்றேன் கேளுங்க. ரெண்டு கண்ணையும் மூடினாத்தான் உலகம் நகராம நிக்கும்!"

மண்டபம் அரையாக எழுந்தது.

மக்களைக் குறை சொல்ல முடியாது. மற்ற இரண்டு கட்சிகளும் ஒன்றையொன்று திட்டித் திட்டி ஊருக்குக் காது புளித்துப்போயிருந்தது. யாரையும் திட்டாத ஒரு கட்சி, மரம் செடி என்று பேசுகிற கட்சி, அதுவும் யாருக்கும் கோபம் வராத அளவுக்கு மட்டும் பேசுகிற கட்சி. ஓட்டை அள்ளிக்கொண்டு போனது.

நகராட்சி கைக்கு வந்ததும் வேலை தொடங்கியது. குப்பையைக் கொளுத்தலாமா கூடாதா என்ற பழைய சண்டைக்கு முதல் வாரமே தீர்வு வந்தது: ஒற்றைப்படை நாட்களில் புகை, இரட்டைப்படை நாட்களில் மூச்சு. அடுத்தது ஏரி. வீடு கட்ட நிலம் கேட்டவர்களுக்குப் பாதி ஏரியைத் தூர்த்துக் கொடுத்து, மீதிப் பாதியைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள். மறுவருடம் மறுபடி நிலம் கேட்டார்கள். மீதியில் பாதி போயிற்று. மூன்றாம் முறை கேட்டபோது பரிசோதகர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார்.

"இப்படியே போனா ஏரி தீர்ந்துடாதா மேடம்?"

வக்கீலம்மா பொறுமையாகச் சிரித்தார். "கணக்குப் போட்டுப் பாருங்க சார். ஒவ்வொரு தடவையும் பாதிதானே எடுக்கறோம்? பாதி எப்பவும் மிச்சம் இருக்கும். இந்த ஏரி என்னிக்குமே தீராது. இதுக்கு முன்னாடி இருந்தவங்க யாராவது இப்படி ஒரு உத்தரவாதம் கொடுத்தாங்களா?"

பரிசோதகர் கையை இறக்கிக்கொண்டார். அப்போது அவர் கட்சியின் விஞ்ஞான ஆலோசகர். "பாதி வெட்டுங்க" என்ற அவர் வாசகம் கட்சி அலுவலக வாசலில் கல்லில் செதுக்கப்பட்டிருந்தது. ஆய்வகத்தில் இருபத்தொரு வருடம் அவர் உள்ளே வருவதையும் போவதையும் கவனிக்காதவர்கள் இப்போது அவரைப் பார்த்ததும் எழுந்தார்கள், அரையாகவாவது. அது அவருக்குப் பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று பின்னாளில் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். சொல்லும்போதே தன் குரல் தனக்கே ஒட்டாமல் கேட்டது என்று நிறுத்திக்கொண்டார்.

ஆற்றங்கரைத் தெருவில் அவருடைய அக்கா இருந்தாள். வீட்டிலேயே தையல் வேலை. அந்தத் தெருவுக்குத் தண்ணீர், முனையில் இருக்கும் ஆழ்குழாய்த் தொட்டியிலிருந்து. தொட்டிக்குப் பின்னால், சுவரை ஒட்டி, மின்சார வண்டிகளுக்கு பேட்டரி செய்யும் ஆலை வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கட்சிக்கு அந்த ஆலைமேல் தனிப் பிரியம். புகைவிடாத வண்டிக்கு பேட்டரி செய்கிற ஆலை புகைவிட்டால் அந்தப் புகையும் பசுமைதான் என்பது கட்சியின் கருத்து.

அந்த வருட மாதிரியில் ஈயம் பதினெட்டு வந்தது. பத்துக்கு மேல் போனால் தொட்டியை மூட வேண்டும் என்பது விதி. பரிசோதகர் குப்பியை மறுபடி அலசி மறுபடி எடுத்துச் சோதித்தார். மறுபடியும் பதினெட்டு. அறிக்கையை எழுதி எடுத்துக்கொண்டு கட்சி அலுவலகத்துக்குப் போனார். நேராகத் தொட்டிக்குப் போய்ப் பூட்டியிருக்கலாம். சாவி அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. போகவில்லை.

"யார் சொல்றா பதினெட்டுன்னு?" என்றார் தலைவர்.

"சோதனை சொல்லுது சார்."

"அது ஒரு தரப்பு" என்றார் வக்கீலம்மா. "எதிர்த்தரப்பக் கேட்க வேணாமா?"

"தண்ணிக்கு எதிர்த்தரப்பு ஏது மேடம்?"

"எல்லாத்துக்கும் இருக்கும் சார். இல்லேன்னா நாமதான் தேடிக் கண்டுபிடிக்கணும். பின்ன கட்சி எதுக்கு?"

எதிர்த்தரப்பைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஆலை மேலாளர் பக்கத்து அறையில்தான் வெதுவெதுப்பான டீ குடித்துக்கொண்டிருந்தார். கோப்போடு வந்தார். அவர்களுடைய சோதனையில் ஈயம் மூன்று. தலைவர் காகிதத்தில் பதினெட்டையும் மூன்றையும் எழுதிக் கூட்டினார். இருபத்தொன்று. இரண்டால் வகுத்தார். பத்தரை. அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"அரை இடிக்குதே" என்றார்.

பரிசோதகருக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. அரையாவது தன் பக்கம் நிற்கிறதே என்று. அப்போது மேலாளர் எழுந்தார். நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

"ஊர் நல்லதுக்காக நாங்க இறங்கி வர்றோம் தலைவரே. எங்க மூணையும் விட்டுக்கொடுத்துடறோம். பூஜ்யம்னே வச்சுக்கங்க."

அறையில் இருந்த எல்லோரும் அரையாக எழுந்தார்கள். வக்கீலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதினெட்டும் பூஜ்யமும் பதினெட்டு. அதில் பாதி ஒன்பது.

"பார்த்தீங்களா?" என்று தலைவர் பரிசோதகரிடம் திரும்பினார். "அவரு மூணு இறங்கிட்டாரு. நீங்க உங்க பதினெட்டுல ஒரு துளிகூட இறங்கல. இருந்தாலும் நாங்க உங்களக் குறை சொன்னோமா? கட்சி யாரையும் கட்டாயப்படுத்தாது. கையெழுத்து மட்டும் போடுங்க."

"சார், பதினெட்டுன்னா பதினெட்டுதான். இதுல விட்டுக்கொடுக்க என்ன இருக்கு?"

"கோபப்படறீங்க" என்றார் தலைவர் வருத்தத்தோடு. "கோபத்துல போடற கையெழுத்து ஒரு பக்கமா சாய்ஞ்சுடும். டீ குடிங்க. குடிச்சிட்டுப் போடுங்க. இது நீங்க காட்டின வழிதானே சார்? வாசல்ல கல்லுல செதுக்கி வச்சிருக்கோமே."

மேசையைச் சுற்றி ஆறு முகங்கள் அவரைக் கனிவோடு பார்த்துக்கொண்டிருந்தன. ஒருவரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் எழுந்து போயிருப்பேன் என்று சொல்லிக்கொள்கிறார்; போயிருக்க மாட்டார். அவர் சும்மா இருந்தார். சும்மா இருப்பதை அத்தனை காலமும் அடக்கம் என்று நினைத்திருந்தார். டீயைக் குடித்தார். கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் நாள் அக்கா போன் செய்தாள். "டேய், உன் கையெழுத்து எங்க தெருத் தொட்டியில ஒட்டியிருக்குடா! 'பாதுகாப்பானது, ஈயம் ஒன்பது'ன்னு போட்டு, கீழ உன் பேரு. தெருவே என்னை நின்னு பார்க்குது. ஞாயித்துக்கிழமை வா."

"வேலை இருக்குக்கா."

அடுத்த ஞாயிறும் வேலை இருந்தது. அதற்கடுத்ததும். இப்படி ஆறு ஞாயிறு. வேலை இல்லாத அந்த ஞாயிறுகளில் அவர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஈயம் கண்ணுக்குத் தெரியாது என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்?

ஏழாவது ஞாயிறு போனார். அக்கா ஜன்னலோர மிஷினில் உட்கார்ந்து ஒரு சட்டையின் இடுப்புப் பக்கத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"எதிர்வீட்டுப் பொண்ணோடது" என்றாள். "ஆறு மாசம். எதுவும் பத்த மாட்டேங்குது அவளுக்கு. உக்காரு, தண்ணி குடி."

தம்ளரை அவர் முன் வைத்தாள். அவர் எடுக்கவில்லை. அக்கா ஊசியை நிறுத்தினாள். சிறுவயதிலிருந்து அவருடைய மௌனங்களைத் தரம் பிரிக்கத் தெரிந்தவள் அவள்.

"என்னடா?"

"நீ இந்தத் தண்ணிய குடிக்காதக்கா."

"ஏன்? நீதானே கையெழுத்துப் போட்டிருக்க?"

"குடிக்காதன்னா குடிக்காத. மாமாகிட்டயும் சொல்லு. கேன் வாங்கிக்குங்க."

"காய்ச்சிக் குடிச்சா?"

"காய்ச்சினாலும் போகாது. ஈயம் பதினெட்டு இருக்கு, பத்துக்கு மேல போகக் கூடாது. யார்கிட்டயும் சொல்லிக்க வேணாம். நீங்க ரெண்டு பேரும் நிறுத்திடுங்க, அது போதும்."

அக்கா சட்டையை மடியில் வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். "அது போதுமா? இதுக்குச் சொந்தக்காரி என்ன பண்ணுவா? கேன் தண்ணி வாங்கிட்டு இருந்தவ அவ. நான்தான்டா போய்ச் சொன்னேன், என் தம்பி பார்த்துக் கையெழுத்துப் போட்டது, தைரியமா குடின்னு. நான் சொன்னேன்டா."

அவர் தரையைப் பார்த்தார்.

"எழுந்திரு" என்றாள் அக்கா. "வந்து நீயே சொல்லு. நான் சொன்னா தையக்காரி பேச்சு. நீ சொன்னாத்தான் சோதனை."

மணிக்கட்டைப் பிடித்துத் தெருவைக் கடந்து, மூன்று மாடி ஏற்றிக் கூட்டிப்போனாள். எதிர்வீட்டுப் பெண் கதவைத் திறந்ததும் முகம் மலர்ந்துபோனாள். வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, "உள்ள வாங்க சார், உள்ள வாங்க" என்றாள். "உங்க பேரப் பார்த்ததும்தான் கேன நிறுத்தினேன். மூணு மாடி தூக்கிட்டு வரணும் சார், இந்த நிலைமையில முடியல. டாக்டர் வேற நிறையத் தண்ணி குடின்னு சொல்லிட்டாங்க. ஒரு நாளைக்கு எட்டு தம்ளர் குடிக்கிறேன்." சொல்லிக்கொண்டே போய் ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

பரிசோதகர் வாங்கிக்கொண்டார். அக்கா கதவருகே நின்றாள். சொல்வதற்கு ஒரு எண் மட்டும்தான் இருந்தது. அவர் தம்ளரை வாயில் வைத்து, கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"இன்னும் கொஞ்சம் கொண்டு வரவா சார்?"

"போதும்மா" என்றார். "நல்லா இருக்கு."

அக்கா அவரைப் பார்த்த பார்வையைப் பற்றி அவர் யாரிடமும் சொன்னதில்லை. பிறகு அவளே சொன்னாள், குரலை உயர்த்தாமல்: "அவன் பொய் சொல்றான். பதினெட்டு. பத்துக்கு மேல போனா விஷம். குடிக்காதம்மா."

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் தெருவே காலிக் குடங்களோடு கட்சி மண்டபத்தில் வந்து நின்றது. தலைவர் பதறவில்லை. பரிசோதகரைக் கூப்பிட்டு மேடையின் சுண்ணக்கட்டிப் புள்ளியில் நிறுத்தினார். "நீங்களே சொல்லுங்க சார். எவ்வளவு?"

கூட்டத்தில் எதிர்வீட்டுப் பெண் நின்றிருந்தாள். உட்கார நாற்காலி கொடுத்திருந்தும் உட்காரவில்லை.

"பதினெட்டு" என்றார் பரிசோதகர். "அன்னிக்கும் பதினெட்டுதான். தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன்."

கூட்டம் கொதிக்கும் என்று நினைத்தார். தன்னை அடிப்பார்கள் என்றுகூட நினைத்தார், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார். அதற்குள் தலைவர் அவர் தோளில் கைபோட்டுக்கொண்டார்.

"கேட்டீங்களா? இந்தச் சுதந்திரம் வேற எந்தக் கட்சியில இருக்கு? இவரு வாய் பதினெட்டுங்குது, இவரு கை ஒன்பதுங்குது. ஒரே மனுஷருக்குள்ளயே ரெண்டு தரப்பு! நாம எந்தத் தரப்பையும் ஒதுக்கக் கூடாது." காகிதம் வரவழைத்தார். பதினெட்டும் ஒன்பதும் இருபத்தேழு. பாதி, பதிமூன்றரை. "பத்துக்கு மேலதான், நான் மறைக்கல. அதனால தொட்டிய ஒற்றைப்படை நாள்ல மட்டும் திறக்கறோம்."

கட்சிக்காரர்கள் அரையாக எழுந்தார்கள். தெருக்காரர்கள் எழவில்லை, அவர்கள் முதலிலிருந்தே நின்றுகொண்டுதான் இருந்தார்கள். குடங்களோடு திரும்பிப் போனார்கள். பரிசோதகர் அவர்களுக்கு முன்னால் ஓடிப்போய்த் தொட்டியைப் பூட்டினார். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து நாற்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது. நாற்பத்தெட்டு நாள், நாளுக்கு எட்டு தம்ளர். அந்தக் கணக்கை அவர் மனதுக்குள் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறார். அதில் பாதியை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை.

பிறகு நடந்தது இவ்வளவுதான். கண்ணாடிக் கடைக்காரர் அடுத்த தேர்தலில் ஜெயித்துத் தலைநகருக்குப் போனார். அங்கே இப்போது சுற்றுச்சூழல் அமைச்சர். வக்கீலம்மா நகராட்சித் தலைவரானார். ஏரியில் பதினாறில் ஒரு பங்கு மிச்சமிருக்கிறது. பேட்டரி ஆலைக்குப் பசுமை விருது கிடைத்தது, பிறகு அது இன்னும் பெரிய இடம் பார்த்துப் போய்விட்டது. ஆற்றங்கரைத் தெருவுக்கு லாரியில் தண்ணீர் வருகிறது. அனுமதியில்லாமல் தொட்டியைப் பூட்டியதற்காகப் பரிசோதகருக்கு வேலை போயிற்று. பொய்க் கையெழுத்துப் போட்டதற்காக அவர்மேல் எந்த நடவடிக்கையும் இல்லை. இப்போது ஒரு பள்ளி ஆய்வகத்தில் குப்பிகளைக் கழுவி அடுக்குகிறார். அக்கா அவரோடு பேசுகிறாள், ஆனால் முன்போல் இல்லை. எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நான்கு வயதாகியும் இன்னும் சரியாகப் பேச்சு வரவில்லை. தண்ணீரால்தானா என்று டாக்டர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்தத் தாய் பரிசோதகரை இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.